ஜப்பானில் மரபுத் தச்சராக வேண்டுமா? எந்தத் தச்சர் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: "வயது 27. ஐந்து ஆண்டுகளாக மென்பொருள் வேலை. ஆணியே இல்லாமல் மரத்தோடு மரத்தைப் பூட்டும் ஜப்பானியத் தச்சர்களின் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, இதுதான் என் வாழ்க்கை என்று தோன்றிவிட்டது. ஜப்பானுக்குப் போய் ஒரு குருவிடம் சேர என்ன வழி?"

கிஃபு மாகாணத்தில் கதவு, ஜன்னல், காகிதத் தட்டிகள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் நான்கு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் பார்த்த அந்தப் பத்து விநாடிக் காட்சி, இரண்டு துண்டுகளும் 'டொக்' என்று உட்கார்ந்து இணைந்த கோடே தெரியாமல் மறைவது, அங்கே அன்றாடம் நடப்பதில்லை. நடக்கும்போதும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால், கடைசியில் விசா பற்றிச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

முதல் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. 'ஜப்பானியத் தச்சர்' என்று ஒரே ஆள் கிடையாது. கோயில்களும் ஷிண்டோ ஆலயங்களும் கட்டுபவர் மியாதைகு. தேநீர் விருந்துக்கான சிறு மனைகளையும் அந்தப் பாணி வீடுகளையும் கட்டுபவர் சுகியாத் தச்சர். கோணல்மாணலான மரத்தைப் பட்டையோடு நிறுத்தி அதோடு சுவரைப் பொருத்துவது அவருடைய வித்தை. பெட்டி, அலமாரி, சிறு மேசை செய்பவர் சஷிமோனோக் கைவினைஞர். கதவும் ஷோஜி எனும் காகிதத் தட்டியும் செய்பவர் ததேகுக்காரர். சில மில்லிமீட்டர் கனமுள்ள குச்சிகளைக் கோத்துச் சணல் இலை வடிவத்தில் பூவேலை செய்யும் குமிகோவும் பெரும்பாலும் அவர் கையில்தான். படகுத் தச்சர் இன்னும் தனி. ஒருவருடைய கருவிப்பெட்டியை இன்னொருவர் திறந்தால் பாதிக் கருவிகளை எதற்கென்று கேட்க வேண்டியிருக்கும். கோயில் தச்சர் முப்பது சென்டிமீட்டர் தூணோடு மல்லுக்கட்டுகிறார். நாங்கள் ஒரு முடி கனம் தப்பினால் கதவு சிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இழைத்தோம். உடல்வாகு, பொறுமை, பணம் எல்லாமே தொழிலுக்குத் தொழில் மாறும். 'ஜப்பானிய மரவேலை கற்க ஆசை' என்று ஒரு பட்டறைக்குக் கடிதம் எழுதினால் பதில் வராது. 'ஷோஜித் தட்டி செய்யக் கற்க வேண்டும், இதுவரை செய்தவற்றின் படங்கள் இவை' என்று எழுதினால் ஒருவேளை வரும்.

அடுத்தது ஆணி. ஜப்பானியர்கள் ஆணியே அடிக்க மாட்டார்கள் என்பது சுற்றுலாக் கையேட்டுப் பேச்சு. உலகில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களிலேயே மிகப் பழையது என்று சொல்லப்படும் நாராவின் ஹோர்யூஜி கோயிலில் கொல்லர் அடித்த இரும்பாணிகள் இருக்கின்றன. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணுக்கான மரம் 594ஆம் ஆண்டில் வெட்டப்பட்டது என்று மரத்தின் ஆண்டு வளையக் கணக்கு சொல்கிறது. அந்தப் பழைய ஆணிகளைப் பழுதுபார்ப்பில் கழற்றியவர்கள், இரும்பின் தரத்தைக் கண்டு வியந்திருக்கிறார்கள். ஆணி அடிப்பது குற்றமில்லை. மரம் தானே தாங்க வேண்டிய பாரத்தை ஆணியின் தலையில் சுமத்துவதுதான் குற்றம்.

ஹோர்யூஜி என்றதும் நிஷியோகா ட்சுனேகசு பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1908இல் பிறந்து 1995இல் மறைந்தவர். அந்தக் கோயிலின் பரம்பரைத் தச்சர். அவருடைய தாத்தாவும் அங்கே தலைமைத் தச்சர். பேரனைத் தொழிற்கல்விக்கு அனுப்பாமல் வேளாண் பள்ளிக்கு அனுப்பினார். மண்ணைத் தெரியாதவனுக்கு மரம் தெரியாது என்பது கிழவரின் கணக்கு. பின்னாளில் யாகுஷிஜி கோயிலின் பொன்மண்டபத்தை 1976இலும் மேற்குக் கோபுரத்தை 1981இலும் மறுபடி எழுப்பியவர் நிஷியோகா. அவ்வளவு பெரிய ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரங்கள் ஜப்பானில் மிஞ்சியிருக்கவில்லை, தைவானிலிருந்து கொண்டுவந்தார்கள். அறுவைக்குப் பெரிய ரம்பம் வருவதற்கு முந்தைய காலத்தில் மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, வாய்ச்சியால் செதுக்கி, ஈட்டி முனை போன்ற ஒரு கத்தியால் சீவுவார்கள். அந்தக் கத்தி புழக்கத்திலிருந்தே போயிருந்தது. போர்வாள் செய்யும் கொல்லரிடம் சொல்லி அதை மறுபடி அடித்து வாங்கினார். காணொளிகளில் 'ஆதிகாலக் கருவி' என்று காட்டப்படும் கட்டை இழைப்புளி உண்மையில் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

நிஷியோகாவின் பெயரை மேற்கோள் காட்டுபவர்கள் பொதுவாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. கோயில் தச்சர் சாதாரண வீடு கட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கோயில் வேலை இல்லாத காலத்தில் நிலத்தில் விளைந்ததை வைத்துத்தான் சாப்பாடு. போருக்குப் பிந்தைய பஞ்சகாலத்தில் அந்த நிலத்தையும் விற்க வேண்டிவந்தது. அவருடைய மகன்கள் இருவரும் தொழிலுக்கு வரவில்லை. அவரைத் தேடி வந்தவர் ஒகாவா மிட்சுவோ. பள்ளிச் சுற்றுலாவில் ஹோர்யூஜி கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பள்ளி முடிந்ததும் நேராக வந்து கதவைத் தட்டிய பையன். வேலையே இல்லை, உன்னை எப்படி வைத்துக்கொள்வது என்று திருப்பி அனுப்பினார். பையன் வேறிடங்களில் பூசைமாடம் செய்தும் வரைபடம் வரைந்தும் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு மறுபடி வந்தான். சேர்த்துக்கொண்டபோது கிடைத்த கட்டளை: ஓராண்டுக்குச் செய்தித்தாள், தொலைக்காட்சி, வானொலி எதுவும் வேண்டாம், கருவியை மட்டும் தீட்டு. ஒரு நாள் ஆசான் தானே இழைத்துக் காட்டிய ஒற்றைச் சுருளைக் கொடுத்துவிட்டுப் போனார். பையன் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, அதே மாதிரி வரும்வரை தீட்டினான். அவர்தான் 1977இல் இகாருகா கோஷா என்ற பட்டறையைத் தொடங்கி, ஒரே கூரையின் கீழ் சீடர்களைத் தங்கவைத்து, சமையலையும் பெருக்குவதையும் புதியவர்கள் தலையில் போட்டு, ஏறக்குறைய பத்தாண்டுப் பயிற்சியில் ஆட்களை உருவாக்கியவர்.

இந்தக் கதையைக் கேட்டு உருகுவது எளிது. தீட்டும் கல்லின் முன் உட்கார்ந்தால் தெரியும்.

ஜப்பானிய உளி இரண்டு உலோகத்தின் ஒட்டு. வெட்டும் முகத்தில் மெல்லிய தகடாகக் கடினமான எஃகு, அதற்கு முதுகாக மெதுவான இரும்பு. எஃகு கூர்மையைத் தாங்கும். இரும்பு அடியைத் தாங்கும், தீட்டுவதையும் எளிதாக்கும். பின்முகம் தட்டையாக இல்லாமல் நடுவில் குழிந்திருக்கும். ஓரங்கள் மட்டும் கல்லில் படும் என்பதால் சமன்செய்வது விரைவு. ஆனால் தீட்டத் தீட்டக் கூரின் விளிம்பு அந்தக் குழியை நெருங்கும். இழைப்புளி அலகானால், சின்னச் சுத்தியலால் இரும்புப் பக்கத்திலிருந்து தட்டி எஃகைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டும். அரை மில்லிமீட்டர் தப்பி எஃகின் மேல் அடி விழுந்தால் விரிசல். நான் இரண்டு அலகுகளை அப்படித் தொலைத்தேன். இரண்டாவது என்னுடையது இல்லை.

கடையில் வாங்கும் கருவியும் முடிந்த கருவி இல்லை. புது உளியின் பிடியில் இருக்கும் வளையத்தை நீங்களே கழற்றி, தேய்த்து, மறுபடி இறக்கிப் பிடியின் தலையை நைய அடித்து மடக்க வேண்டும். புது இழைப்புளியின் கட்டை அலகைச் சரியாகப் பிடிக்காது. கறுப்பு மை தடவிப் பார்த்து, பட்ட இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி இறக்க வேண்டும். அடிப்பாகம் முழுவதும் மரத்தில் படக்கூடாது. இரண்டோ மூன்றோ கோடுகளில் மட்டும் தொட்டு, மீதி காகிதக் கனத்துக்குக் குழிந்திருக்க வேண்டும். ஈரப்பதம் மாறினால் கட்டை முறுக்கிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்க இதையே செய்த நாட்கள் உண்டு. ஆர்வலர்கள் கூடும் இழைப்புப் போட்டிகளில் பத்து மைக்ரானுக்கும் குறைவான கனத்தில் சுருள் எடுப்பார்கள். பின்னால் வைத்த கை தெரியும். அது விளையாட்டு, வேலைக்கு அவ்வளவு தேவையில்லை என்று எங்கள் ஓயகதா சொல்வார். ஓயகதா என்றால் நம் மேஸ்திரி. அவர் வீட்டு மாடத்திலும் அப்படி ஒரு சுருள் இருந்தது என்பது வேறு விஷயம்.

தட்டிக்கும் தூணுக்கும் உப்புத்தாள் போடுவதில்லை. இழைப்புளி விட்ட முகமே கடைசி முகம். நல்ல கூர் மரத்தின் நுண்குழாய்களைச் சுத்தமாக அரிந்துவிட்டுப் போகும். தாள் அதே இடத்தைக் கீறிக் கிழிக்கும். இழைப்புளி விட்ட முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கிறது. தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடும்.

மரத்தைப் படிப்பதற்குத்தான் இன்னும் அதிக ஆண்டுகள் பிடிக்கும். நான் செய்த வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: நகரும் கதவின் மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும். பலகைக்கு இரண்டு முகம். பட்டையைப் பார்த்த முகம் ஒன்று, நடுத்தண்டைப் பார்த்த முகம் ஒன்று. காயும்போது பட்டைப் பக்கம் குழிந்துதான் பலகை வளையும், இதை மாற்ற முடியாது. ஆகவே மேல்சட்டத்தில் பட்டை முகத்தைக் கீழே பார்க்க வைக்கிறார்கள்: வளைந்தாலும் நடு மேலேறுமே தவிரத் தொங்கிக் கதவை நசுக்காது. கீழ்ச்சட்டத்தில் பட்டை முகம் மேலே. இரண்டு முகங்களும் கதவுள்ள இடைவெளியைப் பார்க்கின்றன என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தூணாக நிற்கும் மரம், காட்டில் நின்றது போலவே வேர்ப்பக்கம் கீழே நிற்க வேண்டும். தலைகீழ்த் தூண் வீட்டுக்கு ஆகாது. நிக்கோவின் தோஷோகு ஆலயத்து யோமெய் வாசலில் மட்டும் ஒரு தூணின் செதுக்கு வடிவத்தை வேண்டுமென்றே கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். முழுமையடைந்தது எதுவும் அழியத் தொடங்கிவிடும், கொஞ்சம் குறை இருக்கட்டும் என்ற நம்பிக்கை. மலையின் தெற்குச் சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தெற்கே வை, மரத்தை வாங்காதே மலையை வாங்கு என்பதெல்லாம் நிஷியோகா குடும்பத்து வாய்மொழி.

இப்போது நீங்கள் கேட்ட இணைப்புகள். நீளத்தை நீட்டும் இணைப்பு ஒரு வகை, கோணத்தில் சேரும் இணைப்பு இன்னொரு வகை. வகைக்குள் வகையாக நூற்றுக்கணக்கில் உண்டு. வடிவத்தைப் படம் பார்த்து ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். மைக்கோட்டை முழுதாக விட்டு அறுப்பதா, பாதி எடுத்து அறுப்பதா, முழுதும் எடுத்துவிடுவதா என்பதுதான் பட்டறைக்குப் பட்டறை, மரத்துக்கு மரம் மாறும் ரகசியம். ஹினோகிக்குச் சரியாக இருக்கும் இறுக்கம் கெயாகி என்ற கடின மரத்தைப் பிளந்துவிடும். இன்னொரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானியச் சுத்தியலின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் லேசான குவிவு. துளைக்குள் போக வேண்டிய நாக்கைக் குவிந்த முகத்தால் மெதுவாகத் தட்டி நசுக்குவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மரத்தைக் கொல்லுதல்'. நசுங்கிய நாக்கு துளைக்குள் சுகமாக இறங்கும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பழைய பருமனுக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். காணொளியில் கோடு மறைவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கொன்றதைக் காட்டாமல் வெட்டிவிடுகிறார்கள்.

பிழைப்பு பற்றிக் கசப்பாகவே சொல்ல வேண்டும். 1980இல் ஜப்பானில் 9 லட்சத்துக்கு மேல் இருந்த தச்சர்கள், 2020 கணக்கெடுப்பில் 3 லட்சத்துக்கும் கீழே. அந்த மூன்று லட்சத்திலும் கையால் மைக்கோடு போட்டு இணைப்பு வெட்டுபவர்கள் சிறு கூட்டம். இன்று கட்டும் மரவீடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் தொழிற்சாலை எந்திரம் வெட்டி அனுப்பிய சட்டங்களால் நிற்கின்றன. தச்சர் அவற்றைச் சுத்தியலால் தட்டிச் சேர்த்து, உலோகப் பட்டை முடுக்கி, பிளைவுட் அடிக்கிறார். நான் இருந்த பட்டறையில் மாதத்தில் பாதி நாள் அலுமினிய ஜன்னல் பொருத்தப் போனோம். அதைப் படம்பிடிக்க ஒருவரும் வரவில்லை.

மறுபக்கம், கோயில் வேலை ஒரேயடியாக வற்றிவிடாது. இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் மரபு 690இல் தொடங்கியது; 62ஆவது முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். அதற்கான சடங்குகள் இப்போதே தொடங்கிவிட்டன. கையில் வித்தையுள்ள ஒரு தலைமுறை வாழ்நாளில் இரண்டு மூன்று முறை அதே கட்டடத்தைக் கட்டும். முதலில் எடுபிடியாக, பிறகு தச்சராக, கடைசியில் சொல்லிக்கொடுப்பவராக. மரக்கட்டடப் பாதுகாப்புக்கான மரபுத் திறன்கள் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 578இல் தொடங்கி ஷிடென்னோஜி கோயிலைக் கட்டிய கொங்கோ குமி குடும்ப நிறுவனம் மட்டும் கடன்சுமை தாங்காமல் 2006இல் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் கீழ் போய்விட்டது. ஆயிரத்து நானூறு ஆண்டு வரலாறு இருந்தாலும் வங்கி வட்டி வட்டிதான்.

இனி விசா. பலருடைய கனவு உடைவது கல்லில் இல்லை, இங்கேதான். 'கலாசாரச் செயல்பாடு' என்ற விசா, ஒரு வல்லுநரிடம் ஜப்பானியக் கலை கற்க வருபவர்களுக்கு உரியது. ஆசானின் ஒப்புதல் வேண்டும், ஊதியம் வாங்கக்கூடாது. ஓராண்டோ இரண்டாண்டோ சேமிப்பில் சாப்பிட முடிந்தால் இதுவே நேர்மையான வழி. மாணவர் விசாவில் மொழிப்பள்ளி, அதன்பின் தொழிற்பள்ளி என்பது இன்னொன்று. கியோட்டோ மாகாணத்தில் மரபுக் கைவினைகளுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. கிசோப் பள்ளத்தாக்கின் அகெமட்சுவில் உள்ள மாகாணப் பயிற்சிப் பள்ளியின் ஓராண்டு மரவேலை வகுப்புக்கு மரவேலைக்காரர்களிடையே நல்ல பெயர். பாடமெல்லாம் ஜப்பானிய மொழியில். ஆனால் படித்து முடித்தபின் கைவேலைக்குப் பொதுவான அலுவலக வேலை விசா கிடைப்பது அரிது. மூன்றாவது, 2019இல் வந்த 'குறிப்பிட்ட திறன்' விசா. இந்தியாவுடனும் இலங்கையுடனும் இதற்கு ஒப்பந்தம் இருக்கிறது; கட்டுமானத் துறையும் அதில் அடக்கம். அடிப்படை மொழித்தேர்வும் திறன்தேர்வும் எழுத வேண்டும். முதல் நிலையில் ஐந்து ஆண்டு வரை, குடும்பத்தை அழைத்துச்செல்ல முடியாது. சம்பளம் உண்டு, ஆனால் நீங்கள் நிற்கப்போவது பெரும்பாலும் எந்திரம் வெட்டிய வீடுகளின் சாரத்தில். அங்கே இருந்துகொண்டே மொழி பழகி, ஞாயிற்றுக்கிழமைகளில் மரபுப் பட்டறைகளைத் தேடிப் போனவர்களை நான் அறிவேன். இருவருக்கு இடம் கிடைத்தது. முகவர்கள் லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தூதரகத் தளத்தில் பாருங்கள்.

27 வயது தாமதமா? மரபுக் கணக்கில் ஆம். பதினெட்டில் வருபவனைத்தான் விரும்புகிறார்கள், ஏனென்றால் அவனுக்குக் கருத்து இருக்காது. உங்களுக்கு இருக்கும். "ஏன் இப்படி?" என்று முதல் வாரத்திலேயே கேட்பீர்கள். பதில் வராது, பார்த்துத் திருடிக்கொள் என்பதுதான் அங்கே பாடமுறை. திட்டும் உண்டு. பழைய முறையில் அது நல்லதென்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. கல்லை எப்படிச் சமன்செய்வது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லித்தரக்கூடியதை எட்டு மாதம் இழுத்ததால் என் கை ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை.

ஜப்பானுக்குப் போனால்தான் இந்த வித்தை வரும் என்றும் இல்லை. ஜார்ஜ் நகாஷிமா 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர்; கட்டடக் கலைஞர். 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணிக்கு வந்து, ஆசிரமவாசியாகவே மாறி, சுந்தரானந்தா என்று பெயர் பெற்றவர். பிறகு அமெரிக்கா திரும்பினார். போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த ஐடஹோ முகாமுக்குள் 1942இல் கொண்டுபோகப்பட்டார். அங்கே உடன் அடைபட்டிருந்த, ஜப்பானில் தொழில் பயின்ற கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம்தான் கைக்கருவிகளையும் இணைப்புகளையும் ஊன்றிக் கற்றார். ஒதுக்கித் தள்ளிய துண்டுப் பலகைகள்தான் கிடைத்த மரம். பின்னாளில் உலகம் கொண்டாடிய அவருடைய மேசைகளுக்கு அஸ்திவாரம் அந்த முள்வேலிக்குள் போட்டது. கோல்கொண்டா இன்றும் புதுச்சேரியில் நிற்கிறது. அதன் மரக்கதவுகளையும் தேக்குச் சாமான்களையும் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். 24 மில்லிமீட்டர் உளி ஒன்று, 1000 எண் தீட்டுக்கல், 6000 எண் கல், கற்களைச் சமன்செய்யக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய உப்புத்தாள், இவ்வளவு போதும். அழகான இழைப்புளியை இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அதைச் சரிசெய்யத் தெரியாமல் பெட்டியில் வைப்பீர்கள். ஒன்று கவனத்தில் இருக்கட்டும். அந்தக் கருவிகள் ஹினோகி, சுகி போன்ற மெதுவான மரங்களுக்குப் பிறந்தவை. தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும், வைரம் பாய்ந்த மரம் விளிம்பைச் சில்லுச்சில்லாகத் தெறிக்கவைக்கும். உளியின் சரிவை 30 பாகையிலிருந்து 35க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் அரைமணி நேரம் தீட்டுங்கள். பழைய பலகைத் துண்டில் இழைக்குக் குறுக்கே உள்ள வெட்டு முகத்தைச் சீவிப் பாருங்கள். கண்ணாடிபோல் வர வேண்டும், பொடியாக உதிரக்கூடாது. மூன்று மாதம் கழித்து, தீட்டிய சரிவை ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். அதில் ஜன்னல் கம்பிகள் நேர்கோடாகத் தெரிந்தால் ஜப்பானிய மொழி வகுப்பில் சேருங்கள். வளைந்து தெரிந்தால் சரிவு உருண்டிருக்கிறது, 1000 எண் கல்லிலிருந்து மறுபடி.